மாப்ளயோட எடது காலுக்கு ஒரு சேதி

இன்னா மாப்ள, கார் சௌக்கியமா கீதா? ஷோரூம்காரன் சாவி குடுத்த அன்னிக்கே அது மேல ஒரு கவரைப் போட்டு மூடிட்ட. ஞாயித்துக்கிழமை வந்தா கவரை எடுக்கிற, தொடைக்கிற, மறுபடியும் மூடுற. திங்கக்கிழமை ஆனா அயப்பாக்கம் முனையில நின்னு, ஷேர் ஆட்டோவுல டிரைவர் பக்கத்துல பாதி உடம்பு உள்ள, பாதி உடம்பு வெளியன்னு தொங்கிகினு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போற. பேங்குல கடன் வாங்கின காரை வெயில் படாம மழ படாம வச்சுகினு, நீ மட்டும் நனைஞ்சுகினு போறியே, இந்தப் பாசம் பெத்த புள்ள மேலகூட எவனுக்கும் வராது.

கேட்டா, “ஸ்கூல்ல நல்லாத்தான் ஓட்டினேன் மாமா, சொந்த வண்டியில ஏறினா ஆஃப் ஆயிடுது”ன்ற. ஒக்காரு. ரெண்டு டீ சொல்லு, ஒண்ணு சக்கரை இல்லாம. இந்த மாமன் பாதி ஆயுசை லாரி ஸ்டியரிங் பின்னால தீத்தவன். புத்தி சொல்ல எனக்கு உரிமை கீது. கேட்டுக்க உனக்கும் வேற வழி இல்ல, டீ வர்ற வரைக்கும் எழுந்து போவ முடியாது.

மொதல்ல ஒண்ணு யோசிச்சுப் பாரு. நீ கார் ஓட்டத் தெரியாம உக்காந்துகினு கீறது எந்த ஊர்ல? பாடியில ப்ரேக்ஸ் இந்தியா, பிரேக் செய்யறான். அதே பாடியில வீல்ஸ் இந்தியா, சக்கரம் செய்யறான். லூகாஸ் டி.வி.எஸ்., ஸ்டார்ட்டர் மோட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள ராணே, பிரேக் லைனிங். ஒரு காலத்துல டன்லப் டயரும் அம்பத்தூர்லதான் வெந்துது. 1949-லயே டி.ஐ. சைக்கிள் இங்க வந்தாச்சு, 1964-ல கவர்மெண்டே எஸ்டேட்டைப் போட்டுச்சு. ஆவடிக்குப் போனா மானமே போவும். 1965-ல அங்க கீற டாங்கி ஃபேக்டரியிலேர்ந்து விஜயந்தா வெளிய வந்துச்சு, அப்புறம் டி-72 வந்துச்சு. நாப்பது டன்னுக்கு மேல எடை. அத்த ஓட்டறவனுக்கும் கால்ல கிளச் உண்டு. முன்னால போவ ஏழு கியரு, பின்னால வர ஒண்ணு. வட்டமா ஒரு ஸ்டியரிங்கூட கெடையாது, ரெண்டு பக்கமும் ரெண்டு லீவரைப் புடிச்சு இழுத்துத் திருப்பணும். எங்கேர்ந்தோ வந்த பையன் பட்டாளத்துல சேந்து அத்த ஓட்டறான். உனக்கு ஏசி, பாட்டு, மெத்து மெத்துன்னு சீட்டு, அஞ்சே கியரு. பிரேக்கு எந்தத் தெருவுல செய்யறான்னு தெரியுது, எப்பப் போடணும்னு மட்டும் தெரியல.

சரி, நீ படிச்ச பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1989-ல வந்த மத்திய மோட்டார் வாகன விதி இன்னா சொல்லுது தெரியுமா? டிரைவிங் ஸ்கூல்ல கார் கத்துக் குடுக்கிறது 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதுல நீ கையால புடிச்சு ஓட்டறது 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நல்ல விதி. ஆனா காலையில ஆறு மணிக்கு வாசல்ல வந்து நிக்கிற அந்தப் பழைய காருக்குள்ள ஏற்கனவே மூணு பேர் உக்காந்துகினு இருப்பாங்க. ஒருத்தர் ஓட்டுவாரு, மத்தவங்க பின்சீட்டுல உக்காந்து அவரோட தப்பைப் பாத்து ரசிப்பீங்க. உன் முறை வர்றதுக்குள்ள கிரௌண்டு முடிஞ்சு இட்லிக் கடை வந்துடும். அதையும் சேத்துத்தான் பத்து மணி நேரம்னு எழுதிக்குவாங்க.

மாஸ்டர் ரொம்ப நல்லவருதான். ஒரு கையில போனு, இன்னொரு கை உன் ஸ்டியரிங்கோட ஓரத்துல. “ரைட் சைடுலேர்ந்து ஏ, பி, சி”ன்னு சொல்லிக் குடுத்தாரா? ஆக்ஸிலேட்டர், பிரேக், கிளச்சு. நல்லாப் படிச்ச. ஆனா அவரு காலுக்கடியில பாத்தியா? அங்கயும் ஒரு பி, ஒரு சி கீது. நீ பள்ளத்தைப் பாத்துப் பயந்தப்ப வண்டி நின்னுச்சே, அது நீ போட்ட பிரேக்குன்னு நெனச்சியா? சிக்னல்ல வண்டி பூப்போல நகந்துச்சே, அது உன் காலுன்னு நெனச்சியா? டிரைவிங் ஸ்கூல் காருக்கு எப்பவும் ரெண்டு டிரைவரு, லைசென்சு மட்டும் ஒருத்தனுக்குப் போவுது. உன் சொந்தக் காருல பக்கத்து சீட்டுக்குக் கீழ பாத்தா வெறும் மேட்டுதான் கீது. அதான் ஆஃப் ஆவுது. கார்ல ஒரு குறையும் இல்ல மாப்ள, அது இப்பதான் மொத மொதல்ல உன்னைப் பாக்குது.

இப்ப காதைத் தீட்டிக்க. என்ஜின் ஒரு ஜென்மம், அதுக்கு நிக்கத் தெரியாது. சாவியைத் திருப்பினா சும்மா இருக்கும்போதே நிமிசத்துக்கு எழுநூறு எண்ணூறு சுத்து சுத்தும். அதுலேர்ந்து ரொம்பக் கீழ எறங்கினா மூச்சு நின்னுடும். சக்கரமோ தரையில அசையாம நிக்குது. சுத்தறதையும் நிக்கிறதையும் சட்டுனு ஒண்ணா சேத்தா, நிக்கிறதுதான் ஜெயிக்கும். உன் வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கிட்டுப் படுத்துக்கறது அதனாலதான். இது ரெண்டுக்கும் நடுவுலதான் கிளச் பிளேட்டு. இந்தப் பக்கம் ஃப்ளைவீல், அந்தப் பக்கம் பிரஷர் பிளேட்டு. பெடலை முழுசா அமுக்கினா பிடி வுட்டுப் போவும், என்ஜின் தனியா சுத்தும். காலை முழுசா எடுத்தா ஸ்பிரிங்கு அமுக்கிப் புடிச்சுக்கும், ரெண்டும் ஒண்ணா சுத்தும். நடுவுல ஒரு எடம் கீது. பிளேட்டு வழுக்கிகினே கொஞ்சம் கொஞ்சமாப் பிடிக்கிற எடம். ஹாஃப் கிளச்சுன்னு பேரு. கார் ஓட்டற வித்தையில பாதி இந்த விரக்கடை எடத்துலதான் கீது. மீதி பாதி கண்ணாடி பாக்கறது.

அந்த எடத்தைக் கண்ணால தேடாத. நம்ம பருத்திப்பட்டு வீட்டுக் கெணத்துல சின்னப் புள்ளையில தண்ணி சேந்தினது ஞாபகம் கீதா? கயிறு லேசா ஆடிகினே இருக்கும். வாளி முழுவி, தண்ணியை வுட்டு மேல எழும்பற நேரத்துல சட்டுனு கயிறு கனக்கும் பாரு. எட்டிப் பாக்கவே வேணாம், கையிக்கே தெரியும். அந்தக் கனம் இப்ப உன் எடது பாதத்துக்குத் தெரியணும். பெடலை மெதுவா மேல வுட்டுகினே வா. என்ஜின் சத்தம் ஒரு சொட்டு எறங்கும், பானெட்டு மூக்கைத் தூக்கும், வண்டி உடம்பு லேசா நடுங்கும். அங்க நிறுத்து. காலை எடுத்துடாத, அங்கயே நில்லு. வண்டி தானா நகர ஆரம்பிச்சப்புறம் மீதியை வுடு. நீ இன்னா பண்ற? கயிறு கனத்த உடனே பயந்து கையை வுட்டுடற. வாளி கெணத்துக்குள்ள, நீ ரோட்டுக்கு நடுவுல.

இதுக்கு ஒரு பயிற்சி சொல்றேன், மாஸ்டர் சொல்லாதது. ஞாயித்துக்கிழமை விடியகாலையில எஸ்டேட்டுக்குள்ள போ. மத்த நாள்ல லாரி நிக்கிற ரோடெல்லாம் அன்னிக்குக் காலியாக் கெடக்கும், நாலு நாய்தான் குறுக்க வரும். சமதரையில வண்டியை நிறுத்து. ஃபர்ஸ்டு கியர் போடு. ஆக்ஸிலேட்டரைத் தொடவே தொடாத. வலது காலை பிரேக்கு மேல சும்மா வச்சுக்க. கிளச்சை மட்டும் நான் சொன்ன மாதிரி வுடு. வண்டி மணிக்கு அஞ்சாறு கிலோமீட்டர்ல, கோயிலுக்குப் போற கெழவி நடையில, தானாப் போவும். ஏன் போவுதுன்னு கேளு. சின்ன கார்ல ஃபர்ஸ்டு கியர்னா என்ஜின் பதினாலு பதினஞ்சு சுத்து சுத்தினாதான் சக்கரம் ஒரு சுத்து வரும். வேகம் கெடையாது, இழுவை அத்தனையும் கீது. அதுக்கு உன் ஆக்ஸிலேட்டர் உதவியெல்லாம் வேணாம். நிறுத்து, மறுபடியும் கெளம்பு, மறுபடியும் நிறுத்து. சலிச்சுப் போற வரைக்கும் பண்ணு. சலிப்பு வந்துச்சுன்னா வித்தை வந்துடுச்சுன்னு அர்த்தம். பயந்தவனுக்கு சலிப்பு வராது.

ஒக்கார்றதும் சரியில்ல உனக்கு. ஹீரோ கணக்கா சீட்டைப் பின்னால தள்ளிச் சாஞ்சுக்கற. கிளச்சு அடி வரைக்கும் போறதுக்குக் கட்டை விரலை நீட்ட வேண்டியதா கீது. பெடலை முழுசா அமுக்கினப்புறமும் முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கணும், அந்த அளவுக்கு முன்னால வா. ரப்பர் செருப்பைக் கழட்டு, அது கழண்டு பிரேக்கு அடியில போய் மாட்டும். சீட்டுன்னதும் ஞாபகம் வருது, போன வாரம் கேட்டியே, “நான் வச்ச எடத்துலேர்ந்து சீட்டு முன்னால வந்து கெடக்குது மாமா, ரெயிலு தேஞ்சு போச்சா”ன்னு. அத்த அப்புறம் சொல்றேன்.

திருவேற்காட்டுல பூசை போட்ட அன்னிக்கே உன் லட்சணம் தெரிஞ்சு போச்சு. கருமாரி கோயில் வாசல்ல நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, கற்பூரம் காட்டி, “எடுப்பா முன்னால”ன்னாரு பூசாரி. ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்க இன்னா வேகம் வேணும்? கிளச்சுலயே ஊர்ந்தாப் போதும். நீ என்ஜினை அலற வுட்டு, காலைப் படக்குனு எடுத்த. வண்டி ஒரு எகிறு எகிறி நின்னுச்சு. பூசாரி தட்டோட ரெண்டு தப்படி பின்னால போனாரு, அத்தை கையில இருந்த தேங்காய் தானா ஒடைஞ்சுது. பழம் முழுசா பின்னால உருண்டு வந்துச்சு. “அம்மா ஏத்துக்கலையோ”ன்னு பக்கத்துல ஒருத்தர் கேட்டாரு. அம்மா ஏத்துக்கிட்டா சாமி, கிளச்சுதான் ஏத்துக்கலன்னு நான் சொன்னேன். நீ ஒரு வாரம் என்கிட்ட பேசல.

சரி, எஸ்டேட்டுல பழகியாச்சுன்னு வச்சுக்க. அடுத்தது சி.டி.எச். ரோடு. காலையில எட்டரை மணிக்கு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் வந்து நில்லு. முன்னாடி ஒரு டி.என்.12, பூந்தமல்லிக்காரன். பின்னாடி ஒரு டி.என்.13, நம்ம அம்பத்தூர்க்காரன், அவனுக்குத்தான் அவசரம் ஜாஸ்தி. எடது பக்கம் ஷேர் ஆட்டோ, அதுக்கு எடது பக்கமே போதாது. அவனுக்கெல்லாம் பின்னால ஒரு தண்ணி லாரி, வர்ற வழியெல்லாம் ரோட்டுக்குத் தண்ணி தெளிச்சுகினே வரும். பச்சை விழறதுக்கு முன்னாடியே ஹாரன் விழும். அங்க உன் வண்டி ஆஃப் ஆவும். ஆவத்தான் செய்யும், எல்லாருக்கும் ஆவும்.

அப்ப நீ இன்னா பண்ணுவன்னு எனக்குத் தெரியும். பின்னால அடிக்கிறவனுக்காக வண்டி ஓட்ட ஆரம்பிப்ப. அவன் அடிக்க அடிக்க உன் கால் ஆடும், கியருலயே சாவியைத் திருப்புவ, வண்டி ஒரு துள்ளு துள்ளி மறுபடியும் படுக்கும். இன்னும் ஜாஸ்தியா அடிப்பான். நல்லாக் கேட்டுக்க மாப்ள, ஹாரன் சத்தத்துல இதுவரைக்கும் ஒரு கிளச்சும் பிடிச்சதில்ல. அது காத்துல வர்ற சத்தம், உன் கிளச்சுக்கு வயர் எதுவும் அவன் கையிலேர்ந்து வரல. கிளச்சை அமுக்கு, நியூட்ரலுக்குக் கொண்டா, சாவியைத் திருப்பு, ஃபர்ஸ்டு போடு, கயிறு கனக்குதா பாரு, வுடு. பத்து எண்ணறதுக்குள்ள ஆவற வேலை. அவனுக்காகப் பதறினா அதுவே ரெண்டு சிக்னல் ஆவும். மூணாவது சிக்னல்ல அவனே எறங்கி வந்து தள்ளுவான். தள்ளறவனுக்கு நன்றி சொல்லிட்டுப் போ. அம்பத்தூர்க்காரன் திட்டுவான், ஆனா தள்ளாம போவ மாட்டான்.

இதெல்லாம் முடியாது, நான் என் இஷ்டத்துக்குத்தான் ஓட்டுவேன்னா அதுக்கும் வழி சொல்றேன். எடது காலை எப்பவும் கிளச்சு மேலயே வச்சுக்க, கீழ எடுக்கவே எடுக்காத. பெடல் லேசா அமுங்கிகினே இருக்கும், பிளேட்டு வழுக்கிகினே இருக்கும், ரிலீஸ் பேரிங்கு ஓயாம சுத்திகினே இருக்கும். சிக்னல்ல நியூட்ரலுக்கு வராத, ஃபர்ஸ்டு போட்டு அமுக்கிப் புடிச்சுகினே நில்லு. பாலத்து மேல டிராஃபிக் நின்னா பிரேக்கு போடாம, ஹாஃப் கிளச்சுலயே வண்டியைத் தொங்க வுடு, பாக்கறவன் கை தட்டுவான். கொஞ்ச நேரத்துல கருகின வாசனை வரும். பக்கத்து ஃபேக்டரியிலேர்ந்து வருதுன்னு நெனச்சு கண்ணாடியை ஏத்திக்க. எடது கையை கியர் ராடு மேலயே வச்சு அமுக்கிகினு போ, உள்ள இருக்கிற ஃபோர்க்கும் தேயட்டும். நம்ம ஏரியா மெக்கானிக்கு ரெண்டாவது மாடி கட்டப் பாத்துகினு கீறாரு. உன்ன மாதிரி நாலு பேர் மனசு வச்சா கிரகப்பிரவேசத்துக்கு நமக்கும் பத்திரிகை வரும்.

கியர் மாத்தறதைப் பத்தி ரொம்பப் பேச ஒண்ணும் இல்ல. வண்டி ஒரு பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் வேகம் வந்தா செகண்டு, முப்பதுக்குப் பக்கத்துல தேர்டு. என்ஜின் கத்தினா மேல போடு, முக்கினா கீழ போடு. காட்டுப்பாக்கத்துலேர்ந்து கரையான்சாவடி வரைக்கும் மெட்ரோக்காரன் தடுப்பு வச்சிருந்த காலத்துல பூந்தமல்லி ரோடு மொத்தமும் செகண்டு கியர்லதான் ஓடுச்சு. நாலாவது கியரு எங்க கீதுன்னு பார்க்கணும்னா நசரத்பேட்டை தாண்டி பெங்களூர் ரோட்டுக்குப் போ. நீ கியர் மாத்தும்போது குனிஞ்சு ராடைப் பாக்கறியே, அத்த வுடு. ராடு எங்கயும் ஓடிப் போவாது. முன்னால மாடு போவுது, அத்தப் பாரு.

எங்க காலத்து லாரியில ஒரு தபா அமுக்கினா கியர் விழாது. டபுள் கிளச்சு. அமுக்கி நியூட்ரலுக்கு வந்து, வுட்டு, கீழ் கியருக்குன்னா நடுவுல ஒரு ரைஸ் குடுத்து, மறுபடியும் அமுக்கிப் போடணும். கணக்கு தப்பினா கியர் பாக்ஸ் கடிக்கிற சத்தம் திருநின்றவூருக்குக் கேக்கும். உள்ள சுத்தற ரெண்டு பல் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்தாதான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையும், அந்த வேகத்தை நாங்க காதால பாத்தோம். 1928-லயே அமெரிக்காவுல காடிலாக் கார்ல சிங்க்ரோமெஷ்னு ஒண்ணு வச்சு அந்த வேலையை மிசினுக்கே குடுத்துட்டான். நம்ம லாரிக்கு அது வந்து சேர ரொம்ப நாளாச்சு. பழைய அம்பாசிடரும் பத்மினியும் ஓட்டினவங்களைக் கேட்டுப் பாரு, கியர் ராடு ஸ்டியரிங்குக்குக் கீழயே கை நீட்டிகினு இருக்கும். முன்சீட்டுல மூணு பேர் ஏறுவோம். உன் கார்ல அஞ்சு கியருக்கும் சிங்க்ரோமெஷ் கீது. ரிவர்ஸுக்கு நெறைய வண்டியில கெடையாது. அதனால வண்டி முழுசா நின்னப்புறம் ரிவர்ஸ் போடு. நகந்துகினு இருக்கும்போதே போட்டா, எங்க காலத்து சங்கீதத்தை நீயும் கேக்கலாம்.

மேட்டுக்கு வருவோம். நம்ம ஊரு தட்டை. ஏரி உண்டு, மலை கெடையாது. ஆனா அதே 1989 விதியில, லைசென்சு டெஸ்டுல இன்னின்ன செஞ்சு காட்டணும்னு ஒரு பட்டியல் கீது. செங்குத்தான மேட்டுல வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்தியோ, கால் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வச்சோ, கொஞ்சம்கூட பின்னால உருளாம மறுபடியும் கெளப்பணும்னு அதுல போட்டிருக்கு. நீ அத்த எந்த மேட்டுல செஞ்சு காட்டினன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா ஒனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

நமக்கு மலைன்னா பாடி மேம்பாலந்தான். சாயங்காலம் மேல ஏறும்போது டிராஃபிக் நின்னுச்சுன்னு வை. உனக்குப் பின்னால ஒட்டிகினு ஒருத்தன் நிப்பான், நடுவுல ஒரு நியூஸ் பேப்பர் போற அளவுதான் எடம். இங்க அவசரப்பட்டா பேச்சே கெடையாது, அவன் பம்பர்தான் பேசும். நின்ன உடனே ஹேண்ட் பிரேக்கை நல்லா மேல இழு. ரெண்டு காலும் இப்ப சுதந்திரம். கெளம்பணும்னா ஃபர்ஸ்டு போடு, ஆக்ஸிலேட்டரை லேசாக் குடு, கிளச்சை மேல கொண்டா. சத்தம் எறங்கும், மூக்குத் தூக்கும், வண்டி ஹேண்ட் பிரேக்கை முட்டிகினு நிக்கும். அந்த முட்டல் தெரிஞ்சப்புறம் ஹேண்ட் பிரேக்கை எறக்கு. அதுக்கு முன்னாடி எறக்காத. ஒரு விரக்கடைகூட பின்னால போவாது. இப்ப வர்ற சில வண்டியில ஹில் ஹோல்டுன்னு வச்சு ரெண்டு மூணு செகண்டு அதுவே புடிச்சுக்குது. நீ வாங்கும்போது அது இல்லாத மாடலாப் பாத்து, மிச்சப் பணத்துல சீட்டுக் கவர் போட்ட. நல்ல கவர்தான், பாலத்துல இருந்து உருளும்போது மெத்துன்னு இருக்கும்.

“ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கலாமோ மாமா”ன்னு வாய் வரைக்கும் வந்துச்சே, சொல்லிடு. தப்பே இல்ல. 2014-ல அம்பாசிடர் உற்பத்தி நின்னுச்சு. அதே வருசந்தான் மாருதி செலெரியோவுல ஏ.எம்.டி. வந்துச்சு. அதே கியர் பாக்ஸ், அதே கிளச்சு, ஆனா அமுக்கறதுக்கு உன் காலுக்குப் பதிலா ஒரு மிசின் கால். சி.டி.எச். ரோட்டுக்கு அதுதான் சரி, நானும் இப்ப வாங்கினா அதைத்தான் வாங்குவேன், முட்டி வலி அப்பிடி. ஆனா கத்துக்கறது இதுல கத்துக்க. நம்ம சட்டத்துல காருக்கு லைசென்சு ஒண்ணுதான், ரெண்டையும் ஓட்டலாம். சிங்கப்பூர்ல கீற நம்ம பெரியவன் மவனைக் கேளு, ஆட்டோமேட்டிக்ல டெஸ்டு குடுத்தா 3ஏ லைசென்சு, அத்த வச்சுகினு கிளச்சு வண்டியைத் தொடக் கூடாது. இங்க உனக்குத் தொடலாம்னு சட்டம் சொல்லுது, தொடத் தெரியுமான்னு அது கேக்கல. ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலின்னு, அவரு வீட்டு வண்டி சாவியை உன் கையில குடுத்தா, “இதுல மூணு பெடல் கீதே”ன்னு நிப்பியா?

மழைக்காலத்துக்கு ஒரு வரி. 2015 டிசம்பர் வெள்ளமும் பாத்தோம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி எல்லாம் முழுவினதையும் பாத்தோம். தண்ணியில எறங்கறதா இருந்தா ஃபர்ஸ்டு கியர், ஒரே சீரா ஆக்ஸிலேட்டர், நடுவுல கியர் மாத்தாத. உள்ள நின்னுடுச்சுன்னா மறுபடியும் சாவியைத் திருப்பாத, தண்ணி என்ஜினுக்குள்ள போயிருந்தா உள்ள ராடு வளைஞ்சுடும். எறங்கித் தள்ளு. எறங்காமலே இருந்தா இன்னும் நல்லது.

எல் போர்டு இன்னும் ஒட்டி வச்சிருக்கியே, எடுக்க மனசு வரலியா? 18 சென்டிமீட்டர் சதுரம், வெள்ளையில செவப்பு எழுத்துன்னு விதியில அளவு போட்டிருக்கு. அது கத்துக்கறவனுக்கு. எல்.எல்.ஆர். ஆறு மாசம் செல்லும், முப்பது நாள் ஆனா டெஸ்டுக்குப் போலாம், லைசென்சு வந்தப்புறம் போர்டைக் கழட்டிடணும். உன்னுது தாயத்து கணக்கா தொங்குது. அத்தக் கழட்டிக் குடு, எனக்கு வேலை கீது.

எதுக்கா? சொல்றேன், டீயைக் குடிச்சு முடி மொதல்ல. நீ ஷேர் ஆட்டோவுல போனப்புறம் உன் கார் பகல் முழுக்க சும்மா நிக்குது. உன் வீட்டுக்காரி போன மாசம் எல்.எல்.ஆர். எடுத்துட்டா. உன்கிட்ட ஏன் சொல்லலன்னு என்னைக் கேக்காத. சொல்லியிருந்தா நீ பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கறேன்னு வந்திருப்ப, குடும்பம் ரெண்டாயிருக்கும். புருசன் பொண்டாட்டிக்கு கிளச்சு சொல்லிக் குடுத்த வீடு உருப்பட்டதில்ல. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், என் லைசென்சு இன்னும் செல்லும். அந்தப் பொண்ணு கால் எட்டலன்னுதான் சீட்டை முன்னால இழுத்துக்குது, பின்னால தள்ள மறந்துடறா. பெட்ரோல் கொறையுதுன்னு நீ பங்க்குக்காரன்மேல சந்தேகப்பட்டுகினு கீற, அவன் பாவம்.

செவ்வாக்கிழமை பாடி பாலத்துல மேல நடுவுல நிறுத்தச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தா, பின்னால ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிகினே இருந்தான். இவ கண்ணாடியில அவனை ஒரு பார்வை பாத்துட்டு, துப்பட்டாவைச் சரி பண்ணிகினு, நிதானமாக் கெளப்பினா. ஒரு அங்குலம் பின்னால போவல. ஞாயித்துக்கிழமை எஸ்டேட்டுக்கு நீயும் வா. அவ ஓட்டுவா, நீ பின்சீட்டுல உக்காந்து கால் எங்க வைக்கிறான்னு பாத்துக்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத.